சிங்கக் கூட்டத்துக்கு முன்னால் கேமரா, பக்கத்தில் துப்பாக்கியோடு மனைவி: யார் இந்த ஓசா ஜான்சன்?

சஃபாரி வீடியோ ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். புல்வெளி நடுவே ஒரு ஜீப். கொஞ்சம் தள்ளி ஒரு சிங்கக் கூட்டம். பெண் சிங்கங்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும். குட்டி ஒன்று அம்மாவின் வாலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கும். ஜீப்பில் இருப்பவர்கள் ஆளுக்கொரு போனை நீட்டியபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிங்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கும், கொட்டாவி விடும், மறுபடி தூங்கப் போய்விடும்.

நமக்கு இது இப்போ சாதாரணம். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால், ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வேட்டைக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம். 1909-ல், அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார் தியோடர் ரூஸ்வெல்ட். அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 500-க்கு மேல். அந்தக் கணக்கில் சிங்கங்களும் உண்டு.

சுடுவதற்குப் பதிலாகப் படம் எடுப்பது என்ற பழக்கத்தை அமெரிக்க சினிமா ரசிகர்களிடம் பிரபலமாக்கியதில் ஒரு தம்பதிக்குப் பெரிய பங்கு உண்டு. கணவர் மார்ட்டின் ஜான்சன், மனைவி ஓசா ஜான்சன். 1920, 30-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். இதில் ஓசாவின் கதை இன்னும் கொஞ்சம் வித்தியாசமானது. கேமரா எதிரே இருக்கும் சிங்கத்தைப் பார்த்தது. ஓசாவோ கேமராவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றார்.

நகைக்கடைக்காரர் மகனும் 16 வயசுப் பெண்ணும்

ஓசா பிறந்தது 1894 மார்ச் 14. ஊர், அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் இருக்கும் சனூட் என்ற சின்ன ஊர். அப்பா ரயில்வே ஊழியர். கடலையோ காட்டையோ அவர் குடும்பத்தில் யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை.

மார்ட்டின் அவரைவிடப் பத்து வயசு மூத்தவர். பக்கத்து ஊரான இன்டிபென்டென்ஸில் அவர் அப்பா நகைக்கடை வைத்திருந்தார். அதே கடையில் கோடாக் கேமரா, ஃபிலிம் சாமான்களும் விற்றார்கள். மார்ட்டினுக்கு ஃபோட்டோ பைத்தியம் பிடித்தது அங்கேதான். 1907-ல், எழுத்தாளர் ஜாக் லண்டன் 'ஸ்நார்க்' என்ற சின்னப் பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்புகிறார், ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் மார்ட்டின் கடிதம் போட்டார். சமையல்காரர் வேலை கிடைத்தது. சமையல் ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்பது வேறு விஷயம். ஜாக் லண்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் அந்தப் பயணம் பாதியிலேயே நின்றுபோனது. மார்ட்டின் கைநிறையப் படங்களோடும் கதைகளோடும் ஊர் திரும்பினார்.

அந்தப் படங்களைக் காட்டிச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் ஓசாவைச் சந்தித்தார். 1910 மே மாதம் இருவரும் வீட்டுக்குச் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஓசாவுக்கு அப்போ 16 வயசு, மார்ட்டினுக்கு 25.

அடுத்த ஏழு வருஷம் ஊர் ஊராக நாடக மேடைகளில் ஷோ. அவர் படங்களைத் திரையில் காட்டிக் கதை சொல்வார், இவர் ஹவாய் உடையில் பாடுவார், ஆடுவார். ஒரு பயணத்துக்குத் தேவையான காசைச் சேர்க்கத்தான் இவ்வளவும்.

முதல் படமே சர்ச்சை

1917-ல் காசு சேர்ந்தது. பசிபிக் பெருங்கடலில், அப்போ நியூ ஹெப்ரிடீஸ் என்றும் இப்போ வனுவாட்டு என்றும் அழைக்கப்படும் தீவுக்கூட்டத்துக்குப் போனார்கள். அங்கே மலேகுலா தீவில் பிக் நம்பாஸ் என்ற இனக்குழுவைப் படமெடுக்கப் போன இடத்தில், அவர்களைத் திரும்ப விடாமல் தடுத்துவிட்டார்கள். கரையோரம் ஒரு பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் கண்ணில் பட்டதால் நிலைமை மாறி, தப்பித்து ஓடிவந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் அந்தக் காட்சிகளை, மனிதரைத் தின்னும் காட்டுமிராண்டிகள் என்ற லேபிள் ஒட்டித்தான் தியேட்டரில் ஓட்டினார்கள். படம் வசூலித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் தெரிந்தவர்கள் பயங்கரமானவர்கள், படமெடுக்கப் போனவர்கள் வீரர்கள். இந்த ஃபார்முலா கடைசிவரை ஜான்சன் தம்பதியை விடவில்லை. பிறகு சிங்கங்களைப் படம் எடுத்தபோதும் அது கூடவே வந்தது.

சரி, ஆப்பிரிக்கா எப்படி வந்தது?

1921-ல் முதல்முறையாகக் கென்யா போனார்கள். அதற்குத் தூண்டுதல், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கார்ல் ஏக்லி. விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிரோடு இருப்பதுபோல் நிறுத்துவதில் அவர் பெரிய பெயர். ஆப்பிரிக்க விலங்குகள் வேகமாகக் குறைந்துவருகின்றன, அவை முழுசாகப் போவதற்குள் அவற்றின் வாழ்க்கை ஃபிலிமில் பதிவாக வேண்டும், அதிலும் போலிக் காட்சி இல்லாமல் பதிவாக வேண்டும் என்பது அவர் ஆசை.

காட்டில் படமெடுக்க ஏற்ற சினிமா கேமரா கிடைக்காததால் ஏக்லி தானே ஒன்றை வடிவமைத்திருந்தார். வட்ட வடிவில், அப்பம் மாதிரி இருக்கும். ஓடும் விலங்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வழுக்கலாகப் பின்தொடர அதனால் முடியும். ஜான்சன் தம்பதி ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன கேமராக்களில் ஏக்லி கேமராவும் உண்டு.

1924-ல் இரண்டாவது பயணம். இந்த முறை அருங்காட்சியகத்தின் ஆதரவு இருந்தது, கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 10,000 டாலர் கொடுத்தார். வட கென்யாவின் மர்சபிட் மலைக்காட்டில், எரிமலை வாய் ஒன்றில் தேங்கிய ஏரிக்கரையில் முகாம் போட்டார்கள். அந்த ஏரிக்கு அவர்கள் சொன்ன பெயர் லேக் பாரடைஸ், அதாவது சொர்க்க ஏரி. 1927 வரை அதுதான் வீடு. குடிசைகள், காய்கறித் தோட்டம், ஃபிலிம் கழுவ ஒரு லேப் எல்லாம் அங்கேயே. தோட்டம், சாப்பாடு, முகாமுக்கு வேண்டிய மீனும் இறைச்சியும் ஓசாவின் பொறுப்பு. குறி பார்த்துச் சுடுவதில் மார்ட்டினைவிட அவர்தான் கெட்டிக்காரி.

சிங்கத்தைப் படமெடுக்க ஏன் இரண்டு பேர் தேவை?

இன்றைய கேமராவில் பட்டனை அழுத்தினால் போதும். அன்றைய சினிமா கேமராவில் மோட்டார் கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால்தான் ஃபிலிம் ஓடும். விநாடிக்கு இரண்டு சுற்று, அப்போதுதான் 16 ஃபிரேம் பதிவாகும். வேகம் கூடினாலோ குறைந்தாலோ திரையில் சிங்கம் துள்ளும், அல்லது ஊரும். அதனால் பயந்து கை நடுங்கினால் படம் காலி.

அதாவது, கைப்பிடி சுற்றுகிறவரின் ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை கேமராவைத் திருப்புவதில், கண் வியூஃபைண்டரில். சிங்கம் பாய்ந்தால் அவரால் எதுவும் செய்ய முடியாது. அன்றைய லென்ஸுக்கு இன்றைய டெலிஃபோட்டோ மாதிரி எட்டும் திறனும் கிடையாது, கிட்டே போய்த்தான் ஆகவேண்டும். அதனால் பக்கத்தில் ஒருவர் துப்பாக்கியைத் தயாராகப் பிடித்து நிற்க வேண்டும். ஜான்சன் குழுவில் அது ஓசாவின் வேலை. சீக்கிரம் சுட்டால் காட்சி போய்விடும், தாமதித்தால் கணவர் போய்விடுவார்.

பாய்ந்து வந்த சிங்கங்கள் அவர் குண்டில் விழுந்ததும் உண்டு. கேமரா சஃபாரி என்று இதைச் சொன்னாலும், துப்பாக்கி இல்லாத சஃபாரியாக இது இருக்கவில்லை.

காரைக் கண்டு சிங்கம் ஏன் ஓடவில்லை?

1926-லும் மறுபடி 1928-லும், அப்போது டாங்கனிகா என்று அழைக்கப்பட்ட இன்றைய தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளிப் பக்கம் போனார்கள். அங்கே அவர்கள் கண்ட சிங்கக் கூட்டங்கள் காரைக் கண்டு ஓடவில்லை. சில சிங்கங்கள் ஆர்வத்தில் கிட்டே வந்து பார்த்தன.

இதற்கு இன்றைய சஃபாரி வழிகாட்டிகள் தரும் விளக்கம் இதுதான்: சிங்கத்தின் கண்ணுக்குக் காரும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து ஒரே உருவம். அது இரையும் இல்லை, எதிரியும் இல்லை. காரிலிருந்து குண்டு வந்த அனுபவம் இல்லாத வரைக்கும் சிங்கம் அலட்டிக்கொள்ளாது. ஆனால் யாராவது எழுந்து நின்றாலோ கீழே இறங்கினாலோ அந்த உருவம் உடைந்து, நடுவில் ஒரு மனிதன் தெரிந்துவிடுவான். சஃபாரி ஜீப்பில் எழுந்து நிற்காதே, இறங்காதே என்று இன்றைக்கும் சொல்வது இதனால்தான்.

மார்ட்டின் கைப்பிடி சுற்றினார். பெண் சிங்கங்கள், குட்டிகள், பிடரி வைத்த ஆண்கள் என ஒரு குடும்பமே கேமரா முன்னால் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து 1929-ல் சிங்கங்களைப் பற்றியே தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். அதே 1929-ல் செரங்கெட்டியின் ஒரு பகுதி விலங்குக் காப்பகமானது. 1951-ல் தேசியப் பூங்கா.

தூங்கும் சிங்கம் டிக்கெட் விற்குமா?

இங்கேதான் சிக்கல். சிங்கம் ஒரு நாளில் கிட்டத்தட்ட 20 மணி நேரம் வரை சும்மா படுத்திருக்கும் பிராணி. வேட்டை பெரும்பாலும் இரவில். உறவுக்காரப் பெண் சிங்கங்கள்தான் கூட்டத்தின் மையம், குட்டிகளைச் சேர்ந்தே வளர்ப்பார்கள். பொறுமையாகப் பார்க்கிறவருக்கு இதைவிடச் சுவையான காட்சி இல்லை. ஆனால் காசு கொடுத்து தியேட்டருக்கு வருபவர் தூங்கும் சிங்கத்தைப் பார்க்கவா வருவார்?

அதனால் ஜான்சன் தம்பதி வரிக்குதிரையைச் சுட்டு இரையாகப் போட்டார்கள். வாசனைக்குச் சிங்கங்கள் வரும். இரவுப் படங்களுக்கும் அதே வழி: இரைக்கு எதிரே கம்பங்களில் ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டி, வயர் இழுத்து, மறைவில் காத்திருப்பார்கள். சிங்கம் வந்து வாயை வைத்ததும் ஒரு நொடி வெளிச்சம். இருட்டிலிருந்து நேராக நம்மைப் பார்க்கும் அந்தச் சிங்க முகங்கள் அன்றைய வாசகர்களை உலுக்கின. ஆனால் அந்த முகத்துக்குக் கீழே கிடக்கும் வரிக்குதிரை தானாக அங்கே வரவில்லை.

1928-ல் 'சிம்பா' படம் வெளியானது. சிம்பா என்றால் சுவாஹிலியில் சிங்கம். படத்தின் உச்சக்காட்சி, ஈட்டி வீரர்கள் சிங்கத்தைச் சுற்றி வளைத்துக் கொல்வது. அது கேமராவுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்ட வேட்டை. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலத்தில் எடுத்த காட்சிகளை ஒரே கதையாக வெட்டி ஒட்டினார்கள். படம் வெற்றி. போலி கூடாது என்று ஆசைப்பட்ட ஏக்லி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1926 நவம்பரிலேயே காங்கோவில் மிகேனோ மலையில் இறந்துபோனார்.

அப்போ ஓசா நல்லவரா, கெட்டவரா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு பக்கம், அவர்கள் எடுத்த பல அடி ஃபிலிமில் அன்றைய ஆப்பிரிக்கச் சமவெளியின் விலங்குகள் இருக்கின்றன. திரும்பி வராத ஒரு காலத்தின் பதிவு அது. காட்டை உயிரோடு பார்ப்பதற்கும் கூட்டம் வரும், காசு வரும் என்று அந்தப் படங்கள் காட்டின. இன்றைய வனவிலங்குச் சுற்றுலா நிற்பதே அந்தக் கணக்கின் மேல்தான்.

இன்னொரு பக்கம், திரையில் ஆப்பிரிக்கர்கள் வந்த விதம். அவர்களைக் கேலி செய்யும் வாசக அட்டைகள், நகைச்சுவை என்ற பெயரில் சிறுமைப்படுத்தும் காட்சிகள். பிறகு காங்கோவில் எடுத்து 1932-ல் வெளியான 'காங்கோரில்லா' படத்திலும் இதே கதைதான். இத்தனைக்கும் அந்த மனிதர்கள் இல்லாமல் ஜான்சன் தம்பதியால் ஒரு நாள்கூட அங்கே இருந்திருக்க முடியாது. சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள், தடம் பார்த்தவர்கள், ஓசாவுக்குப் பக்கத்தில் மாற்றுத் துப்பாக்கியோடு நின்றவர்கள் எல்லாம் அவர்கள்தான். லேக் பாரடைஸில் போகுலி என்று ஒரு தடம் பார்ப்பவர் இருந்தார். யானை போன வழியைப் படிப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று ஜான்சன் தம்பதியின் புத்தகங்களே சொல்கின்றன. போஸ்டரில் இருந்த பெயர்களோ இரண்டே இரண்டு.

அந்த இரண்டில் ஒன்றான ஓசாவும் முழுசாகத் தெரிந்தார் என்று சொல்ல முடியாது. விளம்பரங்களில் அவர் சிங்கத்துக்கு அஞ்சாத அழகி, ஸ்டைலான சஃபாரி உடை போட்ட நாயகி. மாதக்கணக்கில் முகாம் நடத்திய, ஒவ்வொரு ஷாட்டின்போதும் கணவரின் உயிரைக் கையில் வைத்திருந்த வேலைக்காரி அந்த விளம்பரங்களில் அவ்வளவாக இல்லை.

வரிக்குதிரைக் கோடு போட்ட விமானம்

1932-ல் இருவரும் சனூட் ஊரிலேயே விமானம் ஓட்டக் கற்றார்கள். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய இரண்டு சிகோர்ஸ்கி விமானங்களை வாங்கினார்கள். ஒன்றுக்கு வரிக்குதிரைக் கோடு, இன்னொன்றுக்கு ஒட்டகச்சிவிங்கித் திட்டு என்று பெயின்ட் அடித்தார்கள். வரிக்குதிரை விமானத்தின் பெயர், ஓசாவின் பேழை.

1933, 34-ல் அந்த விமானங்களில் ஆப்பிரிக்காவின் மேல் சுமார் 60,000 மைல் பறந்தார்கள். மேலேயிருந்து எடுத்த யானை மந்தைகளும் பனி மூடிய மலைச் சிகரங்களும் பார்வையாளர்களுக்குப் புதுசு. 1935-ல் 'பபூனா' என்ற பெயரில் அது படமாக வந்தது. அதன்பிறகு போர்னியோ தீவுக்கு ஒரு பயணம். ஜோடியாகப் போன கடைசிப் பயணம் அதுதான்.

மலையில் மோதிய விமானம்

சிங்கம், காண்டாமிருகம், மலேரியா என்று எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்களுக்கு ஆபத்து சொந்த நாட்டில் காத்திருந்தது. 1937 ஜனவரி 12. சொற்பொழிவுச் சுற்றுப்பயணத்தில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நோக்கி இருவரும் பயணிகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். மோசமான வானிலை. விமானம் மலையில் மோதியது. மார்ட்டின் மறுநாள் இறந்தார். வயசு 52. ஓசா பலத்த காயங்களோடு பிழைத்தார்.

கணவர் போன சில வாரங்களிலேயே, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தச் சொற்பொழிவுகளை ஓசா தொடர்ந்தார். அதே வருஷம், 'ஸ்டான்லி அண்ட் லிவிங்ஸ்டன்' என்ற ஹாலிவுட் படத்துக்காக ஆப்பிரிக்காவில் காட்சிகள் எடுக்கப் போன குழுவை வழிநடத்தினார். 1940-ல் வெளியான அவருடைய சுயசரிதை 'ஐ மேரீட் அட்வெஞ்சர்' அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற புனைவல்லாத புத்தகம். அதே ஆண்டு அது சினிமாவாகவும் வந்தது. பழைய ஃபிலிம்களை வைத்து 1950-களின் தொடக்கத்தில் டி.வி. தொடரும் செய்தார். காட்டு விலங்குகளைப் பற்றிய ஆரம்பகால டி.வி. தொடர்களில் அது ஒன்று.

சொந்த வாழ்க்கை அவ்வளவு சீராக இல்லை. மேனேஜரோடு செய்துகொண்ட இரண்டாவது திருமணம் விவாகரத்தில் முடிந்தது. 1953 ஜனவரி 7-ல் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தபோது ஓசாவுக்கு 58 வயசு. மார்ட்டினைப் போலவே அவரும் சனூட்டில் அடக்கம் செய்யப்பட்டார். மகளிடமிருந்து வந்த பொருட்களை ஓசாவின் அம்மா கொடுக்க, 1961-ல் அந்தச் சின்ன ஊரில் ஜான்சன் தம்பதி பெயரில் ஒரு சஃபாரி மியூசியம் திறக்கப்பட்டது. இன்றும் இயங்குகிறது.

இன்றைக்கு இதை ஏன் தெரிஞ்சுக்கணும்?

ஆப்பிரிக்கக் காடுகளில் இன்று மிஞ்சியிருக்கும் சிங்கங்கள் 20,000 முதல் 25,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் கொடுக்கும் பணம் பல பூங்காக்களுக்கு முக்கியமான வருமானம். ஓசா காலத்தில் சகஜமாக இருந்த இரை போடும் வேலைக்கு இப்போ இடம் கிடையாது. ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழும் நம் குஜராத்தின் கிர் பகுதியிலும், இரை காட்டிச் சிங்கத்தை வரவழைத்து வேடிக்கை காட்டுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் அப்படிப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. தூங்கும் சிங்கத்தை எழுப்பிப் பார்க்கும் ஆசை மார்ட்டினோடும் ஓசாவோடும் போய்விடவில்லை.

அதனால் அடுத்த முறை ஒரு சிங்கக் கூட்டத்தின் ரீல் உங்கள் போனில் வந்தால், லைக் போடுவதற்கு முன் ஓரிரு விஷயம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சிங்கம் தானாக எழுந்ததா, யாராவது எழுப்பினார்களா? அந்த ஜீப்பை அங்கே கொண்டுவந்த தடம் பார்ப்பவர் யார், அவர் பெயர் எங்காவது இருக்கிறதா? ஒருவேளை நீங்களே சஃபாரி போய், ஒரு மணி நேரம் காத்திருந்தும் சிங்கம் புரண்டு படுத்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை என்றால், ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். யாரும் இரை போடாத, யாரும் துப்பாக்கி பிடித்து நிற்காத ஒரு சிங்கத்தைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.